பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: மலாவியும் உதவி நிபந்தனைகளும்

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவியின் தலைநகர் லிலாங்வேயின் வடக்கே கனெங்கோ என்றொரு தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே உயர்ந்து நிற்கும் குதிர்களில் சுமார் 1,80,000 டன் மக்காச்சோளம் கொட்டி வைக்கலாம். மழை பொய்த்தால் நாடு நம்பியிருப்பது அந்தக் கையிருப்பைத்தான். 2002 பிப்ரவரியில் மலாவி பசியில் கிடந்தது. அரசே பேரிடர் நிலையை அறிவித்தது. அன்றைக்குக் கனெங்கோவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

மலாவிக்காரர்களின் முக்கிய உணவு ன்சிமா. மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்வது, நம் கேழ்வரகுக் களிக்கு வெள்ளைச் சட்டை போட்டது போல இருக்கும். 'சிமங்கா ண்டி மோயோ' என்பார்கள் சிச்சேவா மொழியில்: மக்காச்சோளம்தான் உயிர். அந்த ஆண்டு மாவு கிடைக்காத வீடுகளில் தவிட்டைக் கிண்டினார்கள். காட்டுக் கிழங்கு தோண்டினார்கள். பால் பிடிக்காத கதிரையே ஒடித்துத் தின்றார்கள். அதனால் அடுத்த அறுவடையும் குறைந்தது. செத்தவர்கள் சில நூறு பேர் என்றது ஒரு கணக்கு, ஆயிரக்கணக்கில் என்றது இன்னொன்று.

குதிரில் இருந்த சோளம் எங்கே போனது? விற்கப்பட்டது. விற்கச் சொன்னது யார்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒரே பதில் கிடையாது. 'பொருளாதார இறையாண்மை' என்ற கனமான சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்த்துவிடுவோம்.

உதவி என்பது ஒரே பொருளல்ல

'வெளிநாட்டு உதவி' என்றதும் கப்பலில் வரும் கோதுமை மூட்டைதான் நினைவுக்கு வரும். அது உணவு உதவி. பாலம், பள்ளி, மருத்துவமனை என்று குறிப்பிட்ட வேலைக்குத் தரப்படுவது திட்ட உதவி. மூன்றாவது வகை, அரசின் கஜானாவிலேயே நேரடியாகப் பணத்தைப் போடுவது. இதை பட்ஜெட் உதவி என்கிறார்கள். ஆசிரியர் சம்பளம், மருந்துக் கொள்முதல், போலீஸ் ஜீப்புக்கு டீசல் எல்லாம் இதிலிருந்து போகும். ஒரு காலத்தில் மலாவி அரசின் பட்ஜெட்டில் சுமார் 40 விழுக்காடு வெளியார் பணம். வீட்டுச் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மாமனார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது என்பதில் அவருக்கும் ஒரு வார்த்தை இருக்கும்.

கொடுப்பவர்களும் பலர். பிரிட்டன், அமெரிக்கா, நார்வே போன்ற தனி நாடுகள், ஐரோப்பிய ஒன்றியம், உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியம். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் ஐஎம்எஃப் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஐஎம்எஃப் தரும் தொகை பல நேரங்களில் சிறியது. ஆனால் மற்றவர்கள் அதன் முகத்தைப் பார்த்துத்தான் பையைத் திறக்கிறார்கள். 'திட்டம் தடம் மாறிவிட்டது' என்று ஐஎம்எஃப் சொன்னால், அடுத்தடுத்து மற்ற குழாய்களும் நின்றுவிடும்.

பணம் மொத்தமாக வராது, தவணையாகத்தான் வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன் மறுஆய்வு நடக்கும். நாணயத்தின் மதிப்பைக் குறைத்தாயா? பற்றாக்குறையை இவ்வளவுக்குள் வைத்தாயா? இன்ன நிறுவனத்தை விற்றாயா? இவைதான் நிபந்தனைகள். கையெழுத்திடுவதற்கு முன்பே செய்து காட்ட வேண்டியவையும் உண்டு. கட்டாயப்படுத்துகிறார்கள் என்று சட்டப்படி யாரும் சொல்ல முடியாது. விண்ணப்பக் கடிதத்தை எழுதி அனுப்புவது கடன் வாங்கும் நாடுதான். ஆனால் அதில் என்ன எழுத வேண்டும் என்பது ஐஎம்எஃப் நிபுணர்களோடு பேசி முடிவானதாக இருக்கும்.

பொருளாதார இறையாண்மை என்றால், தன் வரி, தன் நாணயம், தன் மானியம் ஆகியவற்றைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை. அப்படித்தான் பாடப்புத்தகம் சொல்லும். என் பார்வையில் அதற்கு இன்னொரு பாதி உண்டு: அந்த முடிவு தவறினால், எடுத்தவரைத் தன் மக்கள் பிடித்து உலுக்க முடிய வேண்டும். கனெங்கோவில் உடைந்தது இந்த இரண்டாவது பாதி.

சோளத்தை விற்ற கதை

1964இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு மலாவி. கடற்கரை கிடையாது. ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் புகையிலையிலிருந்து வந்த நாடு. சாகுபடிக்கு ஒரே மழைக்காலம், நவம்பரில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடிந்துவிடும். பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், உழுவதற்கு மண்வெட்டி.

விடுதலைக்குப் பிறகு அட்மார்க் என்ற அரசு நிறுவனம் மூலை முடுக்கெல்லாம் கிடங்கு திறந்து உரத்தை மலிவாக விற்றது, சோளத்தை நிலையான விலைக்கு வாங்கியது. நட்டம் வந்தது, ஊழலும் இருந்தது. 1981இல் உலக வங்கியின் முதல் 'கட்டமைப்புச் சீரமைப்பு'க் கடன் வந்தபோது மருந்துச்சீட்டும் கூடவே வந்தது: மானியத்தைக் குறை, தனியார் வியாபாரிகளை உள்ளே விடு, அரசு ஒதுங்கிக்கொள். 1990களின் நடுவில் உர மானியம் அடியோடு போனது. அந்தக் காலியிடத்தைத் தனியார் நிரப்புவார்கள் என்பது எதிர்பார்ப்பு. தார்ச்சாலை ஓரத்து ஊர்களுக்கு வந்தார்கள். மண்பாதைக்கு அப்பால் இருந்த ஊர்களுக்கு எந்த வியாபாரி லாரியை ஓட்டுவார்?

1999இல் அவசரக்காலக் கையிருப்பைப் பார்த்துக்கொள்ளத் தேசிய உணவு இருப்பு நிறுவனம் என்று தனி அமைப்பு உருவானது. சோளம் வாங்க அதனிடம் முதலீடு இல்லை. வங்கியில் கனத்த வட்டிக்குக் கடன் வாங்கியது. இரண்டு ஆண்டு விளைச்சல் நன்றாக இருந்ததால் குதிர் நிரம்பியது, வட்டியும் ஏறியது, தானியமும் பழசானது. அப்போது வந்த ஆலோசனை: இவ்வளவு எதற்கு? 30,000 முதல் 60,000 டன் வரை வைத்துக்கொண்டு மீதியை விற்றுக் கடனை அடை. பஞ்சம் வந்தால் இறக்குமதி செய்துகொள்ளலாம்.

காகிதத்தில் இது மோசமான யோசனையே அல்ல. புழுத்துப்போகும் தானியத்துக்கு வட்டி கட்டுவது எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் மலாவிக்குக் கடல் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். இறக்குமதி என்றால் மொசாம்பிக் துறைமுகம், பழைய ரயில் பாதை, தென்னாப்பிரிக்காவிலிருந்து பல நாள் லாரிப் பயணம். மழையில் சாலை அறுந்தால் அதுவும் இல்லை.

அரசு விற்றது. 60,000 டன்னில் நிறுத்தவில்லை, கிட்டத்தட்ட மொத்தத்தையும் விற்றது. அரசியல் செல்வாக்குள்ளவர்கள் மலிவாக வாங்கிப் பதுக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, விசாரணையும் நடந்தது. அதே நேரம் 2001 அறுவடை வெள்ளத்தால் சரிந்தது. இங்கே இன்னொரு கோளாறும் சேர்ந்தது. மரவள்ளிக் கிழங்கு அமோகமாக விளைந்திருக்கிறது என்று புள்ளிவிவரம் சொன்னதால், மக்கள் அதைத் தின்று சமாளிப்பார்கள் என்று தலைநகரில் நம்பினார்கள். அந்தக் கிழங்கு பெரும்பாலும் காகிதத்தில்தான் விளைந்திருந்தது. சோள விலை சில மாதங்களில் பல மடங்கு ஏறியது. கூப்பிட்ட இறக்குமதி மெதுவாக வந்து சேர்ந்தது.

பிறகுதான் பழி பந்து விளையாட்டு. ஐஎம்எஃப் விற்கச் சொன்னது என்றது அரசு. நாங்கள் விற்கச் சொல்லவில்லை, அந்தப் பரிந்துரை ஐரோப்பிய ஆணையத்தின் பணத்தில் நடந்த ஆய்விலிருந்து வந்தது என்றது ஐஎம்எஃப். முழுவதையும் விற்கச் சொல்லவே இல்லையே என்பது கொடையாளர்களின் பதில். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். மலாவியின் வாக்காளர் ஒருவர் ஐஎம்எஃப் மீது கோபப்பட்டால் எங்கே போய் வாக்களிப்பது? அங்கே வாக்கு என்பது ஒரு நாடு போட்டிருக்கும் பங்குப் பணத்தைப் பொறுத்தது. அமெரிக்காவுக்குச் சுமார் 16 விழுக்காடு. பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வேண்டும் என்பதால் அமெரிக்கா தனியாகவே தடுத்துவிட முடியும். மலாவியின் பங்கு 0.1 விழுக்காட்டைக்கூடத் தொடாது.

பேச்சைக் கேட்காத பருவம்

2004இல் அதிபரான பிங்கு வா முத்தரிகா ஒரு காலத்தில் உலக வங்கியிலேயே வேலை பார்த்த பொருளாதார நிபுணர். அவர்கள் மொழி அவருக்கு அத்துப்படி. 2005இல் மழை பொய்த்தது. அறுவடை சுமார் 12 லட்சம் டன்னுக்கு இறங்கியது. ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் இருந்த நாட்டில் ஏறக்குறைய 50 லட்சம் பேருக்கு உணவு உதவி தேவைப்பட்டது.

அந்த ஆண்டே அவர் உர மானியத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். கொடையாளர்கள் முகம் சுளித்தார்கள். முதல் ஆண்டுச் செலவை அரசு தன் சொந்தப் பணத்திலேயே செய்தது.

திட்டம் எளிமையானது. ஏழைக் குடும்பத்துக்கு இரண்டு உரக் கூப்பன், கூடவே விதை. கூப்பனையும் 950 குவாச்சாவையும் நீட்டினால் 50 கிலோ மூட்டை கிடைக்கும், சந்தை விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு மூட்டை அடியுரம், ஒரு மூட்டை யூரியா. யாருக்குக் கூப்பன் என்ற பட்டியலில் ஊர்த் தலைவரின் குரல் பெரிதாக ஒலித்தது, அதில் எல்லா வில்லங்கமும் நடந்தது. கூப்பன் விற்கப்பட்டது, போலிக் கூப்பன் அடிக்கப்பட்டது. பல ஊர்களில் 'அவனுக்கு உண்டு எனக்கு இல்லையா' என்ற சண்டையைத் தவிர்க்க ஒரு மூட்டையைப் பிரித்துப் பல வீடுகள் பகிர்ந்துகொண்டன. இலக்கு வைத்துக் கொடுக்கும் திட்டம் கிராமத்துக்குள் நுழைந்ததும் பொதுப் பந்தியாகிவிடுவது உலகம் முழுக்க நடக்கிற கதைதான்.

அரசுக் கணக்குப்படி 2006 அறுவடை 25 லட்சம் டன்னைத் தாண்டியது, 2007இல் 30 லட்சத்தைத் தாண்டியது. பஞ்சம் பிடித்த நாடு ஜிம்பாப்வேக்குச் சோளம் ஏற்றுமதி செய்தது. முகம் சுளித்தவர்களில் பிரிட்டன் இரண்டாம் ஆண்டிலிருந்தே திட்டத்துக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் கணக்குகள் ஊதிப் பெருக்கப்பட்டவை என்ற சந்தேகமும் உண்டு. மழையும் கைகொடுத்தது. 2008இல் உர விலை உலகச் சந்தையில் எகிறியபோது இந்த ஒரு திட்டமே பட்ஜெட்டில் சுமார் 16 விழுக்காட்டை விழுங்கியது. அந்தப் பணத்தில் சாலையும் பாசனமும் வந்திருக்கலாம் என்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மீதியை இந்திய அரசு சுமக்கிறது. இது வீண் செலவு என்று பொருளாதார நிபுணர்கள் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், டில்லி கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறது. 1991இல் வாங்கிய ஐஎம்எஃப் கடனை எப்போதோ அடைத்தாகிவிட்டது, தவணைக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அதே மூட்டை, அதே வாதம். லிலாங்வேயில் அது நிபந்தனை, டில்லியில் வெறும் கருத்து.

முந்திரிக்கு ஒரு சின்னச் சுற்று

மலாவியை மூன்று பக்கம் சூழ்ந்திருப்பது மொசாம்பிக். 1990களில் அங்கே நடந்தது நம்மையும் தொடும் கதை. முந்திரிக் கொட்டையை உடைக்காமல் அப்படியே ஏற்றுமதி செய்தால் அங்கே வரி அதிகம், உள்ளூர் ஆலைகளைக் காக்கத்தான். அந்த வரியைக் குறை என்றது உலக வங்கி. கொட்டை விற்கும் விவசாயிக்கு உலக விலை கிடைக்கட்டும் என்பது அதன் நியாயம். வரி குறைந்தது. கொட்டைகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. இங்கே கொல்லத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் பெண்கள் ஆப்பிரிக்கக் கொட்டையை உடைத்துக் கையில் கறை பூசிக்கொண்டிருந்த அதே காலத்தில், மொசாம்பிக்கின் ஆலைகள் மூடின. சுமார் பத்தாயிரம் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் வேலை இழந்தார்கள். விவசாயிக்குச் சேர்ந்த லாபம், பின்னாளைய ஆய்வு ஒன்றின் கணக்கில், குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சில டாலர். இடையில் இருந்த வியாபாரிகள்தான் கொழுத்தார்கள். 1999இல் மொசாம்பிக் நாடாளுமன்றம் வரியைத் திரும்ப ஏற்றியது. மூடிய ஆலைகள் அதற்காக உடனே திறந்துகொள்ளவில்லை.

நிபந்தனை எல்லாமே சாபமா?

இங்கேதான் 'மேற்கு கெட்டது, ஆப்பிரிக்கா பாவம்' என்ற எளிய கதை இடறுகிறது.

விடுதலை முதல் மலாவியை ஆண்டவர் ஹேஸ்டிங்ஸ் கமுசு பண்டா. வாழ்நாள் அதிபர் என்று அறிவித்துக்கொண்ட சர்வாதிகாரி. 1992இல் கத்தோலிக்க ஆயர்கள் துணிந்து ஒரு சுற்றறிக்கையைத் தேவாலயங்களில் வாசிக்கச் செய்தார்கள். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் மேற்கத்திய நாடுகள் மனித உரிமையைக் காரணம் காட்டி உதவியை நிறுத்தின. 1993இல் பொது வாக்கெடுப்பு, 1994இல் பல கட்சித் தேர்தல், பண்டா தோற்றார். அந்த நிபந்தனையைப் பற்றி மலாவிக்காரர்கள் அதிகம் புலம்பிக் கேட்டதில்லை. பனிப்போர் முடியும்வரை அதே நாடுகள் பண்டாவை ஏன் தாங்கிப் பிடித்தன என்பது வேறு விஷயம்.

பிங்குவும் புனிதரல்ல. 2009இல் அதிபர் பயணத்துக்கு ஜெட் விமானம் வாங்கினார். பிரிட்டன் கடுப்பாகி உதவியில் ஒரு பகுதியை வெட்டியது. 2011இல், அவர் விமர்சனத்தைப் பொறுக்க மாட்டாதவராகி வருகிறார் என்று எழுதிய பிரிட்டிஷ் தூதரின் ரகசியக் குறிப்பு பத்திரிகையில் கசிந்தது. தூதரை நாட்டைவிட்டே அனுப்பினார். ஜூலை 20 போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஏறக்குறைய இருபது பேர் செத்தார்கள். உதவி நின்றது. டாலர் வற்றியது. பெட்ரோல் பங்குகளில் நாள் கணக்கில் வரிசை. 2012 ஏப்ரலில் மாரடைப்பில் இறந்தார்.

அடுத்து வந்தவர் ஜாய்ஸ் பண்டா. கொடையாளர்களின் சொல் கேட்டார், ஜெட்டை விற்றார். 2013 செப்டம்பரில், நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் அதிகாரி சுடப்பட்டதைத் தொடர்ந்து 'கேஷ்கேட்' என்ற ஊழல் வெடித்தது. கீழ்நிலை ஊழியர்களின் காரிலும் வீட்டிலும் கத்தை கத்தையாகப் பணம். அரசின் பணப் பட்டுவாடா மென்பொருளுக்குள் புகுந்து, செய்யாத வேலைக்குக் காசோலை போட்டிருந்தார்கள். கொடையாளர்கள் கஜானாவில் நேரடியாகப் பணம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். ஆனால் திருடியவர் சில டஜன் பேர், மருந்தில்லாத ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் மற்ற எல்லோரும்.

உர மூட்டையில் தெரியும் டாலர்

நிபந்தனைகளிலேயே மக்களை நேராக அடிப்பது நாணய மதிப்புக் குறைப்பு. மலாவியின் நாணயம் குவாச்சா. அந்தச் சொல்லுக்கு 'விடியல்' என்று பொருள்.

2012 மேயில் ஜாய்ஸ் பண்டா ஒரே நாளில் டாலருக்கு 167 குவாச்சா என்றிருந்ததை 250 ஆக்கினார். உலகச் சந்தையில் 30 டாலர் விலையுள்ள ஒரு மூட்டை உரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் அது 5,010 குவாச்சா, மறுநாள் 7,500. மூட்டையும் அதேதான், நிலமும் அதேதான்.

ஐஎம்எஃப் ஏன் இதைக் கேட்கிறது? அரசு நிர்ணயிக்கும் விலைக்கு டாலர் கிடைப்பது செல்வாக்குள்ள சிலருக்குத்தான். மற்றவர்கள் கறுப்புச் சந்தையில் அதிக விலை கொடுக்கிறார்கள். புகையிலை விற்றுவரும் விவசாயியின் டாலரோ குறைந்த விலையில் குவாச்சாவாக மாற்றப்படுகிறது. அதாவது செயற்கையான மாற்று விலை, ஏழை ஏற்றுமதியாளரிடம் பிடுங்கி வசதியான இறக்குமதியாளருக்குக் கொடுக்கும் மறைமுக வரி. இந்த வாதம் சரியானது. ஆனால் மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதி பெருகும் என்ற அடுத்த வரிதான் மலாவியில் நொண்டுகிறது. உலகமே சிகரெட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது எந்தப் புகையிலையை யாருக்குக் கூடுதலாக விற்பது? உரம், எரிபொருள், மருந்து மூன்றும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். டாலர் சம்பாதிக்க வழியில்லாத நாட்டுக்கு இறையாண்மை இருந்தும் கையில் ரொக்கமில்லை.

2006இல் கொடையாளர்கள் மலாவியின் வெளிக்கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் கடன் மறுபடி கழுத்தளவு. 2023 நவம்பரில் குவாச்சாவின் மதிப்பு மறுபடி குறைக்கப்பட்டது. டாலரின் விலை ஒரே அடியில் 44 விழுக்காடு ஏறியது, சுமார் 1,180 குவாச்சா என்றிருந்தது 1,700 ஆனது. அதே 30 டாலர் மூட்டை இப்போது 51,000 குவாச்சா. சில நாட்களில் ஐஎம்எஃப் சுமார் 17.5 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அப்போதைய அதிபர் லாசரஸ் சக்வேரா தன் வெளிநாட்டுப் பயணங்களையே ரத்து செய்து சிக்கனம் காட்டினார். 2020இல் ஏறக்குறைய 37 லட்சம் குடும்பங்களுக்கு என்று தொடங்கிய அவருடைய உர மானியப் பட்டியல், 2023இல் சுமார் 15 லட்சமாகச் சுருங்கியிருந்தது.

நிபந்தனைகள் முழுதாக நிறைவேறவில்லை. பதினெட்டு மாதம் ஒரு மறுஆய்வும் முடியாததால் 2025 மேயில் திட்டம் தானாகவே காலாவதியானது. வந்து சேர்ந்தது முதல் தவணை மட்டும், சுமார் 3.5 கோடி டாலர். மதிப்புக் குறைப்பைத் திரும்ப எடுக்க வழியில்லை. செப்டம்பர் தேர்தலில் மக்கள் சக்வேராவைத் தோற்கடித்துவிட்டு, முன்பே ஒருமுறை அதிபராக இருந்த பிங்குவின் தம்பி பீட்டர் முத்தரிகாவை மறுபடி உட்கார வைத்தார்கள். அக்டோபர் 4இல் அவர் பதவியேற்றார். முதல் மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது, உரத்துக்கு டாலர் தேட வேண்டியிருந்தது.